எடையைக் குறைக்கிறேன்னு எடைக்குப் போடாதீங்க!

டிஸ்கி: இது மொக்கைப் பதிவு இல்லை, ஆனா நீளமான பதிவு. கார்னாலே கொட்டாவி வர்றவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

ஆறு மாசமா கடையைச் சாத்தி வெச்சிருந்தேன். ஆபீஸ்ல ஆணி, வீட்டுல அதைவிடப் பெரிய ஆணி. இன்னிக்கு ஷட்டரைத் தூக்க வெச்ச புண்ணியம் நம்ம சக பதிவர் ஒருத்தரைத்தான் சேரும். பேர் வேணாம். நல்ல மனுஷர், எனக்கு நண்பரும்கூட. இந்தப் பதிவுக்கு அப்புறமும் நண்பரா இருப்பார்னு நம்பறேன்.

போன வாரம் அவர் ஒரு பதிவு போட்டிருந்தார். அவங்க அப்பா வெச்சிருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை இருபது வருஷத்துக்கு அப்புறம் ஷெட்டுல இருந்து வெளியே எடுத்திருக்காராம். படிச்சதும் எனக்குக் கை பரபரன்னு இருந்துச்சு. அடுத்த பாராவுல இடி. பானட், ரெண்டு கதவு, டிக்கி மூடி எல்லாத்தையும் கழட்டிட்டு ஃபைபர்ல போடப் போறாராம். மொத்தம் நூத்தி இருபது கிலோ குறையுமாம், வண்டி சும்மா பறக்குமாம். பழைய தகடு? அது காயலான் கடைக்காம். கீழே இருபத்தி மூணு பின்னூட்டம். அத்தனையும் "சூப்பர் தல", "கலக்குங்க பாஸ்" ரகம். ஒருத்தர்கூட "ஏன்யா?"ன்னு கேக்கலை.

நான் கேக்கறேன். கேக்கற தகுதி எனக்கு இருக்கு. ஏன்னா அதே முட்டாள்தனத்தை நான் ஏற்கெனவே பண்ணிட்டேன்.

முதல்ல ஹெரால்டு பத்தி ரெண்டு வார்த்தை. இப்ப இருக்கற பசங்க பலர் இந்த வண்டியைப் பார்த்தே இருக்க மாட்டாங்க. 1959ல இங்கிலாந்துல டிரையம்ஃப் ஹெரால்டுன்னு வந்தது. டிசைன் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலொட்டி. 1961ல இருந்து நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு செஞ்சாங்க. அப்ப இந்தியாவுல கார்னா கல்கத்தா அம்பாசடர், பம்பாய் ஃபியட், அதுக்கு அடுத்து மெட்ராஸ் ஹெரால்டு. எங்க ஊர்க் கார் சார்! நாலு கதவு ஹெரால்டுன்னு ஒண்ணு பின்னாடி வந்துச்சு பாருங்க, அது இங்க மட்டும்தான். இங்கிலாந்துக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்த வண்டியில ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்துல மத்தவங்க எல்லாம் சேஸிஸ் தனி, பாடி தனிங்கற முறையை விட்டுட்டு, பாடியே எலும்புக்கூடா இருக்கற மாதிரி ஒரே வார்ப்பா செய்ய ஆரம்பிச்சிருந்தாங்க. டிரையம்ஃப்காரங்களுக்கு முழு பாடியை அடிச்சுக் கொடுக்க ஆள் கிடைக்கலை. வழக்கமா அடிச்சுக் கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனி போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. கைக்குப் போயிடுச்சு. அதனால கீழே கனமா ஒரு சேஸிஸ், மேல துண்டு துண்டா பாடி, எல்லாத்தையும் போல்ட் போட்டு முடுக்கறதுன்னு ஆச்சு. கூரையைக்கூட போல்ட்டைக் கழட்டித் தூக்கிடலாம். பானட் இருக்கே, அது ரெண்டு பக்க மட்கார்டோட சேர்ந்து ஒரே பீஸ். முன்னாடி கீலு. பக்கவாட்டுல ரெண்டு கொக்கியை விடுவிச்சு, முதலை வாயைப் பிளக்கற மாதிரி முன்பக்கமா சாய்ச்சா இன்ஜின், முன் சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கெட்டற தூரத்துல. முன் டயர் மேல உக்காந்துக்கிட்டே கார்புரேட்டரைக் கழட்டலாம். எங்க பெரியப்பா அப்படித்தான் உக்காருவார்.

போல்ட் போட்ட வண்டிங்கறதுதான் இதுக்கு வரம். சாபமும் அதேதான். கழட்டறது சுலபம், அதனால எவன் வேணா கழட்டலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். நூத்தி இருபது கிலோ. அண்ணாச்சி, ஹெரால்டு மொத்த எடையே எண்ணூறு கிலோவை ஒட்டித்தான். அதுல இன்ஜின், கியர்பாக்ஸ், சேஸிஸ், சக்கரம், சீட்டு எல்லாம் அடக்கம். நீங்க சொல்ற அந்த நாலு அயிட்டத்தையும் கழட்டிப் போட்டுட்டு, பதிலுக்கு எதுவுமே மாட்டாம, கதவு இல்லாம லுங்கியோட ஓட்டினாலும் நூத்தி இருபது தேறுமான்னு எனக்குச் சந்தேகம்.

ஃபைபர் எடை குறைவுதானேன்னு கேப்பீங்க. ரெண்டும் ஒரே கனமா இருந்தா குறைவுதான். இரும்போட அடர்த்தி தண்ணியைப் போல ஏழே முக்கால் மடங்குக்கு மேல. ஃபைபர் ஒன்றரை மடங்கு சொச்சம். ஆனா யாரும் 0.9 மி.மீ. கனத்துல ஃபைபர் பானட் போட முடியாது, அப்பளம் மாதிரி ஆடும். பழைய வண்டித் தகடு சுமார் 0.9 மி.மீ.ன்னு வெச்சுக்குங்க. ஒரு சதுர மீட்டர் ஏழு கிலோ வரும். இப்ப நம்ம ஊர்ப் பட்டறையில ஃபைபர் போடறதைப் பார்த்திருக்கீங்களா? அச்சு மேல ஜெல்கோட் அடிப்பாங்க. அப்புறம் 450 கிராம் மேட்டை விரிச்சு, ரெசின்ல ஹார்டனர் கலந்து பிரஷ்ஷால குத்திக் குத்தி ஊற வைப்பாங்க. ஒரு கிலோ மேட்டுக்கு ரெண்டு ரெண்டரை கிலோ ரெசின் குடிக்கும். ஆக ஒரு அடுக்கு சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ. பஸ் முகப்புக்கும் தண்ணித் தொட்டிக்கும் போட்டுப் பழகின கை அது. மூணு அடுக்கோட நிக்குமா? "ஸ்ட்ராங்கா இருக்கட்டும் சார்"னு நாலு போடும். ஆறு கிலோ. ஜெல்கோட் அரை கிலோவுக்கு மேல. ஆச்சா? ஏழு கிலோ கிட்ட வந்தாச்சு! அது மேல நெளிவு எடுக்கப் பட்டி. கீலு பிடிக்கற இடத்துல, பிளந்துடக் கூடாதுன்னு உள்ள இரும்புப் பட்டை. ஓரத்துக்கு மரக்கட்டை. இதுக்குப் பேரு எடைக் குறைப்பு.

வெளிநாட்டுல ரேஸுக்குன்னு போடறவன் ரெண்டே அடுக்குல போடறான், நல்ல துணி மேட், வேக்குவம் வெச்சு உபரி ரெசினை உறிஞ்சி எடுக்கறான், அது நிஜமாவே பாதி எடைதான். கார்பன்ல போட்டா கால்வாசிதான். இல்லைன்னு சொல்லலை. ஆனா நம்ம நண்பர் சொன்ன பட்டறை அம்பத்தூர் பக்கம் ஷெட்டுல ஷேர் ஆட்டோவுக்கு மட்கார்டு ஊத்தற பட்டறை. அங்க நடக்கப் போறது மேல சொன்ன கதைதான்.

என் கதைக்கு வர்றேன்.

பெரியப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல தகடு வேலை பார்த்தவர். ரயில் பெட்டிக்குத் தகடு அடிச்ச கை. வீடு அயனாவரம். 1966 மாடல் ஹெரால்டை அவர் வாங்கினப்பவே அது மூணாம் கை. எண்பதுகள்ல ஒரு தடவை பூந்தமல்லி ஹை ரோட்டுல மாட்டு வண்டி மேல போய்ச் செருகிட்டார். இடது பக்க மட்கார்டு ஹெட்லைட் வரைக்கும் உள்ள போயிடுச்சு. டிங்கரிங் கடைக்கு விடலை. வீட்டு வாசல்ல பானட்டைக் கழட்டிக் குப்புறப் போட்டு, டாலியும் சுத்தியலும் வெச்சு ரெண்டு வாரம் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தட்டினார். எனக்கு அப்ப எட்டு வயசு. டாலியைப் பிடிக்கறது என் வேலை. "அமுக்காதே, சும்மா தாங்கு"ம்பார். சூடு பண்ணி, ஈரத் துணியால ஒத்தி, நீண்டு போன தகட்டைச் சுருக்கினார். பட்டியே வெக்கலை. பெயின்ட் அடிச்சப்புறம் வெளியில இருந்து பார்த்தா எந்தப் பக்கம் அடிபட்டதுன்னு தெரியாது. பானட்டைத் திறந்து உள்பக்கம் தடவினா மட்டும் அந்த இடத்துல சின்னச் சின்னக் குழியா, புளியங்கொட்டை பரப்பின மாதிரி விரல்ல தட்டுப்படும்.

வண்டி என் கைக்கு வந்தது 2012ல. பெரியப்பாவுக்குக் கண்ணுல புரை, ஓட்டறதை விட்டுட்டார். நானோ இணையத்துல போர்ஷேயும் ஆல்ஃபாவும் படிச்சுப் படிச்சு மண்டை வீங்கிக் கிடந்தேன். எடை குறைக்கணும், அவ்ளோதான். ஒரு பட்டறையில விட்டேன். பட்டறைக்காரர் பானட்டைக் கழட்டி, அதையே வெச்சு அச்சு எடுத்து, ஃபைபர்ல ஊத்தி மாட்டிட்டார். மூணு வாரம் கழிச்சு வண்டி எடுக்கப் போனேன். பளபளன்னு இருந்துச்சு. சுத்தி சுத்தி வந்து போட்டோ எல்லாம் எடுத்துட்டு கடைசியில கேட்டேன்.

"அண்ணே, பழைய பானட்டை ஆட்டோவுல ஏத்தணுமே, எங்க இருக்கு?"

"அதான் புதுசு போட்டாச்சே தம்பி. அது சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. போன வாரமே எடைக்குப் போட்டாச்சு. உங்க பில்லுல கழிச்சிருக்கேன் பாருங்க."

பார்த்தேன். கழிச்சிருந்தார். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். நேர்மையான மனுஷன், அதுல குறை சொல்ல முடியாது. "பழசு எனக்கு வேணும்"னு நான் ஒரு வார்த்தை சொல்லலை. தப்பு யார் மேலன்னு இன்னிக்கும் எனக்குத் தெளிவாத் தெரியும்.

காயலான் கடைக்கு ஓடினேன். அவங்க லாரி ஏத்தி அனுப்பிட்டாங்க. புதுப்பேட்டையில ரெண்டு நாள் சந்து சந்தா அலைஞ்சேன். அங்க எல்லாம் கிடைக்கும். ஆனா அமுக்கிக் கட்டு கட்டின இரும்பு மட்டும் திரும்பக் கிடைக்காது.

அப்புறம் அந்த ஃபைபரோட குடித்தனம் நடத்தின அழகைக் கேளுங்க. முதல் வாரமே ஜி.எஸ்.டி. ரோட்டுல ராத்திரி ஹெட்லைட் ரெண்டும் மினுக் மினுக்னு அணைஞ்சுது. இரும்பு பானட்டா இருந்தவரைக்கும் லைட்டுக்கு எர்த் அந்தத் தகடு வழியாவே கிடைச்சுக்கிட்டு இருந்துச்சு. ஃபைபர்ல கரன்ட் போகாது. தனியா எர்த் ஒயர் இழுக்கணும்னு ஊத்தினவருக்கும் தெரியலை, போட்டுக்கிட்ட இந்த மேதைக்கும் தெரியலை. ஏதோ ஒரு ஒயரை ஒப்புக்குச் சுத்தி விட்டிருந்தாங்க. பின்னாடி ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே வர, பெருங்களத்தூர் வரைக்கும் பார்க்கிங் லைட்டுலயே உருட்டினேன்.

அடுத்தது நம்ம கத்திரி வெயில். இந்தப் பட்டறைகள்ல ஊத்தற சாதா பாலியஸ்டர் ரெசின் அறுபது, எழுபது டிகிரியிலேயே இளக ஆரம்பிச்சிடும். மேல சென்னை வெயில், கீழ இன்ஜின் சூடு. ரெண்டு கோடை தாண்டறதுக்குள்ள பானட் நடுவுல தொய்ஞ்சு, கதவுப் பக்கம் ஒரு சுண்டு விரல் போற அளவுக்கு இடைவெளி. கீலுகிட்ட நட்சத்திரம் நட்சத்திரமா ஜெல்கோட் வெடிப்பு. எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினா பானட் மொத்தமும் முறம் புடைக்கற மாதிரி ஆடும். முன்னாடி கீலுங்கறதால காத்துல தூக்கிக்காது, அந்த மட்டும் மிக்கெலொட்டிக்கு நன்றி.

வேகம் கூடிச்சான்னு கேக்கறீங்களா? வண்டி, நான், பக்கத்துல ஒருத்தர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஓடற எடை தொள்ளாயிரத்து ஐம்பது கிலோன்னு வைங்க. நிஜமாவே முப்பது கிலோ குறைச்சாலும் மூணு சதவீதம். நின்ன இடத்துல இருந்து எண்பதைத் தொட இருபது செகண்டு ஆகற வண்டிக்கு அரை செகண்டு சொச்சம் மிச்சம். அந்த மூணு சதவீதத்தை நான் ராத்திரி பரோட்டாவை நிறுத்தியே குறைச்சிருக்கலாம். என் தொப்பைக்கு போல்ட்டுகூட கிடையாது. :-)

"போர்ஷேக்காரன் பண்ணலையா, ஆல்ஃபாக்காரன் பண்ணலையா?"ன்னு ஒரு கேள்வி வரும். நண்பர் பதிவுலயே வந்திருந்தது. நல்லா பண்ணினாங்க. 1965ல ஆல்ஃபா ரோமியோ ஜி.டி.ஏ. வந்தது. அந்த 'ஏ'வுக்கு அர்த்தமே இத்தாலி மொழியில 'எடை குறைச்சது'. வெளித்தகடு எல்லாம் அலுமினியம், சாதா மாடலைவிட சுமார் 200 கிலோ குறைவு. ஆனா அந்த 200ம் தகட்டுல இருந்து மட்டும் வரலை. சக்கரம், இன்ஜினோட ஆயில் சம்ப், கிளச் கூடுன்னு மெக்னீசியம் கலந்த உலோகத்துல வார்த்தாங்க, பின்பக்கக் கண்ணாடிக்குப் பதிலா பிளாஸ்டிக். 1972 கடைசியில வந்த போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7ல தகட்டையே மெலிசாக்கி, கண்ணாடியை மெலிசாக்கி, பின் இன்ஜின் மூடியை ஃபைபர்ல போட்டு, பின் சீட்டு, கடிகாரம், கார்ப்பெட் எல்லாத்தையும் உருவிட்டாங்க. கதவைத் திறக்கறதுக்குக்கூட கைப்பிடி இல்லை, ஒரு வார்தான். பி.எம்.டபிள்யூ 3.0 சி.எஸ்.எல்.ல கதவும் பானட்டும் டிக்கியும் அலுமினியம்.

இவங்க எல்லாரும் ரேஸுக்காகச் செஞ்சாங்க. பந்தயத்துல கலந்துக்க இத்தனை வண்டி வித்திருக்கணும்னு விதி இருந்துச்சு, அதுக்காக வித்தாங்க. கவனிக்க வேண்டியது, செஞ்சது அந்த வண்டியைப் பெத்த ஃபேக்டரி. புதுசா அடிச்ச தகடு. எடை எவ்வளவு குறையுதோ அதுக்குத் தக்கபடி ஸ்பிரிங், டேம்பர் எல்லாம் மாத்தினாங்க. எவனோ ஒருத்தன் அம்பது வருஷம் காப்பாத்தின பானட்டை யாரும் காயலான் கடைக்குப் போடலை.

அந்த ஸ்பிரிங் விஷயத்தை மட்டும் தயவு செஞ்சு படிச்சுட்டுப் போங்க. மத்ததுல பணம் போகும், இதுல ஆளே போயிடலாம். பழைய ரெண்டு கதவு ஹெரால்டுல பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். குறுக்கால ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், ரெண்டு பக்கமும் ஆக்சில் டிஃபரென்ஷியல்கிட்ட மட்டும் மடங்கும். இந்த அமைப்புல பாடி எவ்வளவு கீழே இருக்கோ அவ்வளவு நல்லது. டிக்கி மூடியை ஃபைபராக்கி, பின் சீட்டை உருவி, ஸ்டெப்னியைத் தூக்கிப் போட்டீங்கன்னா, அதே பழைய ஸ்பிரிங் அந்தப் பின்பக்கத்தை மேலே தூக்கிடும். பாடி மேல போனா சக்கரத்தோட அடிப்பக்கம் உள்ள சாயும். திருப்பத்துல வேகமாத் திரும்பி, நடுவுல பயந்து ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா, வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில மடங்கி, வண்டியை இன்னும் தூக்கும், பின்பக்கம் வழுக்கிட்டுப் போகும். முழு எடையோட இருக்கும்போதே இந்த வண்டிக்கு இந்தப் புத்தி உண்டு. எடையை எடுத்தா புத்தி அதிகமாகும். நம்ம ஊர்ல பின்னாடி வந்த கெஸல்ல ஸ்விங் ஆக்சிலையே தூக்கிட்டு நேர் ஆக்சில் போட்டாங்க. நண்பரோடது ரெண்டு கதவு. பதிவுல ஸ்பிரிங் பத்தி ஒரு வார்த்தை இல்லை. ஏற்காடு மலைக்கு ஓட்டிட்டுப் போகப் போறேன்னு மட்டும் இருக்கு!

சட்டம்னு ஒண்ணும் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிடுச்சு. 2021ல விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி வந்துச்சு. முதல் பதிவுல இருந்து அம்பது வருஷம் தாண்டியிருக்கணும், அசல் வடிவத்துல இருக்கணும், சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின்ல பெரிய மாற்றம் கூடாது. அப்படி இருந்தா, புதுசா பதியற வண்டிக்கு 'வி.ஏ.'ன்னு எழுத்து போட்ட தனி நம்பர், பதியறதுக்கு இருபதாயிரம், பத்து வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் மறுபதிவுக்கு ஐயாயிரம். பானட்டும் கதவும் பாடி ஷெல்லுல சேருமா சேராதான்னு நாம இங்க பின்னூட்டத்துல நூறு வரைக்கும் கும்மி அடிக்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஃபைபர் கதவைத் தட்டிப் பார்க்கற ஆள் முன்னாடி அடிச்சுப் பாருங்க.

ஒரு பக்கமா பேசறேன்னு நினைக்காதீங்க. தகடே இல்லை, துரு தின்னு சல்லடையாயிடுச்சு, வேற பானட் எங்கயும் கிடைக்கலைன்னா ஃபைபர் போடுங்க. வண்டி ஓடாம கிடக்கறதைவிட ஃபைபரோட ஓடறது மேல். இருங்காட்டுக்கோட்டையில டிராக்ல ஓட்டணுமா? தாராளமா ஃபைபரை மாட்டிட்டு ஓட்டுங்க. சோழவரம் காலத்துல இருந்தே எடை குறைக்காத ரேஸ்காரன் உண்டா? ஹெரால்டே போல்ட் வண்டிதானே. சனிக்கிழமை மாத்திக்கிட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி பழசை மாட்டிடலாம். நான் கத்தறது ஃபைபருக்கு எதிரா இல்லை. கழட்டினதை எங்க வைக்கறீங்கங்கறதுதான் என் சண்டை. பரண்ல வைங்க. கட்டிலுக்கு அடியில வைங்க. வீட்டுக்காரம்மா திட்டினா மாமனார் வீட்டுல கொண்டு போய் வைங்க. எடைக்கு மட்டும் போடாதீங்க.

எடைதான் குறையணும்னா குறைக்க வேற இடம் இருக்கு. நான் அப்புறமா புத்தி வந்து வண்டியைத் துழாவினேன். கூரை மேல யாரோ வெச்ச கேரியர். பின் பம்பருக்கு வெளியே இரும்புக் குழாய்ல ஒரு கார்டு. டிக்கியில மரப்பெட்டி ஸ்பீக்கர், ரெண்டு ஜாக்கி, எதுக்குன்னே தெரியாத ஒரு சங்கிலி. கார்ப்பெட்டுக்கு அடியில மழைத் தண்ணி குடிச்சு ஊறிப்போன சாக்கு. பழைய டிங்கரிங்காரர் டிக்கி ஓரத்துல விரல் தண்டிக்கு அப்பியிருந்த பட்டி. எல்லாத்தையும் அதே காயலான் கடைத் தராசுல வெச்சேன். நாற்பத்தொரு கிலோ! ஒரு தகட்டைக்கூட தொடலை. இதைத்தான் முதல் நாளே பண்ணியிருக்கணும்.

பெரியப்பாகிட்ட நான் உடனே சொல்லலை. சொல்ல வாய் வரலை. கண் ஆபரேஷன் முடிஞ்சு வண்டியைப் பார்க்கணும்னு வந்தார். சுத்தி வந்தார். பானட்டை விரலை மடக்கித் தட்டினார். டொக்னு ஒரு சத்தம், தேங்காய் மூடியைத் தட்டற மாதிரி. ஒண்ணும் சொல்லலை. கொக்கியை விடுவிச்சு, திறந்து, இடது பக்கம் உள்ள கையை விட்டுத் தடவினார்.

"இது நம்ம பானட் இல்லையேடா."

"இல்ல பெரியப்பா. ஃபைபர். எடை குறையும்னு..."

"பழசு?"

"பட்டறையில எடைக்குப் போட்டுட்டாங்க பெரியப்பா. நான் சொல்லி வெச்சிருக்கணும், சொல்லலை."

கொஞ்ச நேரம் டயரைப் பார்த்துக்கிட்டு நின்னார். "எவ்ளோ குடுத்தான்?"னு கேட்டார். சொன்னேன். "பரவாயில்ல, ரேட்டு சரியாத்தான் போட்டிருக்கான்"னு சொல்லிட்டு உள்ள போய் உக்காந்துட்டார். காபி கொடுத்தா குடிச்சார். திட்டியிருந்தா எனக்கு அன்னிக்கே தீர்ந்திருக்கும்.

மூணு வருஷம் தேடினேன். கோயமுத்தூர் பக்கம் ஒரு தோட்டத்துல, வைக்கோல் போருக்குப் பின்னாடி, ஹெரால்டு பானட் ஒண்ணு கோழிக்குக் கூரையா இருந்துச்சு. பதினெட்டாயிரம் கேட்டார், மறு பேச்சு பேசாம கொடுத்தேன். குட்டியானை வாடகை தனி. கொண்டு வந்து இறக்கினப்புறம், ஹெட்லைட்டைக் கழட்டி ரெண்டு பானட்டையும் தராசுல ஏத்தினேன். வித்தியாசம் ஏழு கிலோ. ஏழே கிலோங்க! அதுக்காக நான் எதைத் தொலைச்சேன்னு மேல படிச்சிருப்பீங்க.

கோழி எச்சமும் துருவும் தின்ன அந்த பானட்டோட வலது ஓரம் நசுங்கியிருந்துச்சு. பெரியப்பாவுக்கு அப்ப எழுபத்தெட்டு. வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு என்னைத் தட்டச் சொன்னார். இந்தத் தடவை டாலியைப் பிடிச்சது அவர். நான் தட்டின தட்டுல தகடு இன்னும் நாலு இடத்துல நெளிஞ்சுது. வெளியில இருந்து பார்த்தாலே எங்க அடிபட்டதுன்னு தெரியும். பட்டி வெச்சுத்தான் மூடியிருக்கேன், அவருக்கு அதுல வருத்தம்.

நண்பரே, உங்க பட்டறைக்காரர் வண்டியை இன்னும் தொடலைன்னு நேத்து போன்ல சொன்னீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நான் ஃப்ரீ. குட்டியானை நம்பர் எங்கிட்ட இருக்கு. உங்க வீட்டுல இடம் இல்லைன்னா, அந்த நாலு அயிட்டத்தையும் எங்க மொட்டை மாடி ஷெட்டுல வெச்சுக்கலாம், வாடகை வேணாம்.

பி.கு: அந்த ஃபைபர் பானட் இப்ப எங்கன்னு கேப்பீங்க. எங்க மாடியில தண்ணி டேங்கு மோட்டாருக்கு மழை படாம கவுத்தி வெச்சிருக்கு. அந்த வேலைக்கு அருமையான பொருள்.